யாருடைய மைதானம்?

நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தைக் கெடுத்தது யார் என்று ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன்.

அலிஸ்டர் மெக்கன்சியும் பாபி ஜோன்ஸும் சேர்ந்து வடிவமைத்தது. 1933இல் திறப்பு. 1934 ஜனவரியில் மெக்கன்சி இறந்துபோனார். மார்ச்சில் நடந்த முதல் மாஸ்டர்ஸை அவர் பார்க்கவில்லை. அடுத்த போட்டிக்குள் முதல் ஒன்பது குழிகளும் கடைசி ஒன்பதும் இடம் மாறிவிட்டன. 1937இல் பெர்ரி மேக்ஸ்வெல் பத்தாவது குழியின் கிரீனைப் பின்னால் மேட்டுக்குக் கொண்டுபோனார். 1947இல் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் பதினாறாவதைக் குளத்தோடு புதிதாகவே அமைத்தார். 2002இல் டாம் ஃபாசியோ மைதானத்தை நீட்டினார்.

குற்றவாளிகள் பட்டியல் ரெடி என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 2005இல் டைகர் வுட்ஸ் அடித்த பந்து விளிம்பில் ஒரு கணம் நின்று விழுந்ததே, அது இந்தப் பதினாறாவதில்தான். எனக்குப் பிடித்த அகஸ்டா, மெக்கன்சி பார்க்காத அகஸ்டா. போதாததற்கு, அந்த மாற்றத்துக்கு பாபி ஜோன்ஸின் சம்மதமும் இருந்தது.

அப்போ மாற்றுவது தப்பில்லையா? இல்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. மாற்றிவிட்டு, செத்தவர் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் தப்பு. அவரால் மறுக்கவும் முடியாது, நன்றி சொல்லவும் முடியாது. கை வைத்தவர் கையெழுத்தும் போடட்டும். அவ்வளவுதான்.