ஒளியும் கொல்லாமையும்

உயிர்கள் யாவும் வாழவே விழைகின்றன. சாவை எவ்வுயிரும் விரும்புவதில்லை. இவ்வுண்மையையே ஒழுக்கத்தின் அடித்தளமாகக் கொண்டது நம் மரபு. நீரை வடிகட்டிப் பருகுதல், கதிரவன் மறையுமுன் உண்ணுதல், நிலம் நோக்கி நடத்தல் ஆகிய பழக்கங்கள் இதிலிருந்தே பிறந்தன. ஆயினும் காலம் மாறுந்தோறும் புதிய பொருள்கள் நம் இல்லத்திற்கு வருகின்றன. அவற்றோடு புதிய வினாக்களும் வருகின்றன.

அண்மையில் ஆலயத்தில் வழிபாடு முடிந்து அமர்ந்திருந்தபோது, தம் வீட்டு மாடியில் சூரிய மின்தகடு பொருத்தியுள்ள அன்பர் ஒருவர் வினவினார்: "ஐயா, நிலக்கரியை எரித்தால் புகையும் சாம்பலும் உயிர்க்கேடும் விளைகின்றன. வெயிலிலிருந்து மின்சாரம் எடுத்தால் எவ்வுயிர்க்கும் தீங்கில்லை. ஆகவே சூரிய மின்சாரம் ஹிம்சை அற்றதுதானே?" ஆம் என்று உடனே விடை கூற நா எழுந்தது. ஆனால் தார்ப் பாலைவனத்தில் வாழும் ஒரு பறவையின் நினைவு அதைத் தடுத்தது. அப்பறவையின் நிலையைக் கூறி, அவ்வினாவைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கானமயில்

அப்பறவையின் பெயர் கானமயில். ராஜஸ்தான் மாநிலத்தின் பறவை அதுவே. சுமார் ஒரு மீட்டர் உயரமும், ஆண் பறவையாயின் 15 கிலோ வரை எடையும் உடையது. பறக்கவல்ல பறவைகளுள் மிகுந்த எடை கொண்டவற்றுள் ஒன்று. புல்வெளியில் வெறுந்தரையில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். ஒரு காலத்தில் தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களில் வாழ்ந்த இவ்வினம், வேட்டையாலும் புல்வெளிகள் அழிந்ததாலும் குறைந்து, இன்று ஏறத்தாழ 150 என்னும் அளவில் நிற்கிறது. அவற்றுள் மிகப் பெரும்பான்மை ஜெய்சல்மேர்ப் பகுதியிலேயே உள்ளன.

அப்பாலைவனமோ வெயிலும் காற்றும் மிகுந்த நிலம். ஆகவே பெரிய சூரியமின் நிலையங்களும் காற்றாலைகளும் அங்கே எழுந்தன. அம்மின்சாரத்தைத் தொலைவிலுள்ள ஊர்களுக்குக் கொண்டுசெல்ல உயரழுத்த மின்கம்பிகள் வானில் குறுக்கும் நெடுக்குமாக இழுக்கப்பட்டன. கானமயிலின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. நேர் எதிரே உள்ளதை அது குறைவாகவே காணும். கம்பி கண்ணிற் படும்போது, கனத்த உடலைச் சட்டெனத் திருப்ப இயலாது மோதி வீழ்கிறது.

இந்திய வனவிலங்கு நிறுவனம் 2018-இல் அளித்த மதிப்பீட்டின்படி, இவ்வாறு ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் மடிகின்றன. மேலும், 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆண்டுதோறும் எல்லா இனமும் சேர்த்துச் சுமார் 84,000 பறவைகள் மின்கம்பிகளால் மாள்கின்றன என்றும் அந்நிறுவனம் 2020-இல் கணித்தது. தூய்மையானது என நாம் போற்றும் ஒளிக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

நீதிமன்றத்தின் முன் இரு அறங்கள்

இவ்வழக்கு 2019-இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2021 ஏப்ரல் 19-இல் நீதிமன்றம், ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் வான்வழி மின்கம்பிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. இயன்ற இடங்களில் கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கவும், பறவைகள் கண்டு விலகுவதற்கான வில்லைகளைக் கம்பிகளில் தொங்கவிடவும் ஆணையிட்டது.

மத்திய அரசு இதனை மாற்றக் கோரியது. உயரழுத்தக் கம்பிகளை நெடுந்தொலைவு மண்ணுள் பதிப்பது தொழில்நுட்பத்தில் அரிது, செலவும் பன்மடங்கு. 2030-க்குள் நிலக்கரி, எண்ணெய் போன்றவற்றைச் சாராத மின்திறனை 500 ஜிகாவாட்டாக உயர்த்துவதாக நாடு உலகிற்கு வாக்களித்துள்ளது. அது தடைப்பட்டால் நிலக்கரியே மேலும் எரியும் என்பது அரசின் வாதம். அதுவும் பொய்யன்று. புவி வெப்பம் உயர்ந்தால் வாடுவது ஓரினம் மட்டுமா?

2024 மார்ச் 21-இல் நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் தீங்கினின்று காக்கப்படுதல் மக்களின் உரிமை என ஏற்று, முந்தைய ஆணையைத் தளர்த்தி, வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. 2025 டிசம்பர் 19-இல் அக்குழுவின் பரிந்துரைகளை ஏற்று, ராஜஸ்தானில் 14,013 சதுர கிலோமீட்டரும் குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டரும் முதன்மைக் காப்புப் பகுதிகள் என வரையறுத்தது.

இங்கே ஒரு பக்கம் அறமும் மறுபக்கம் மறமும் நிற்கவில்லை. இரு பக்கமும் அறமே நிற்கிறது. இத்தகைய இடத்திற்கே நம் அனேகாந்தம் வழிகாட்டுகிறது. "நிலக்கரியைக் குறைக்க வேண்டும்" என்பது ஒரு நயத்தால் உண்மை. "இப்பறவையைக் கொல்லலாகாது" என்பதும் ஒரு நயத்தால் உண்மை. ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றதைப் பொய் என்பதே ஏகாந்தம் என்னும் பிழை. ஆனால் இரண்டும் உண்மை என்று சொல்லிவிட்டு வாளாவிருத்தலும் அனேகாந்தம் ஆகாது. இரண்டையும் ஏற்றவனுக்கு இரண்டிற்கும் கடமை உண்டு.

கருதாமல் நேர்ந்தது குற்றமாகுமா?

"பறவையைக் கொல்ல வேண்டுமென்று எவரும் கம்பி கட்டவில்லையே!" என்று சிலர் கூறுவர். இல்லறத்தாரின் ஹிம்சையை நம் ஆன்றோர் நான்காக வகுத்தனர். கொல்லவேண்டும் என்றே கருதிச் செய்வது முதலாவது. அதனை இல்லறத்தானும் முற்றாக விலக்க வேண்டும். வீட்டுப் பணியிலும், தொழிலிலும், தற்காப்பிலும் நேர்வன மற்ற மூன்று; அவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். கம்பியில் மோதி மாளும் பறவையின் சாவு தொழிலால் நேரும் ஹிம்சையில் அடங்கும்.

எனில் அது மன்னிக்கத்தக்கதா? இங்கேதான் நுணுகி நோக்க வேண்டும். ஹிம்சைக்கு நம் மரபு கூறும் இலக்கணம், பிரமாதத்தால் உயிரைப் போக்குதல் என்பதாகும். பிரமாதம் என்பது விழிப்பின்மை. வள்ளுவர் பொச்சாப்பு என்று கூறியதும் இத்தகைய மறதியையே. கண் நோக்கி நடப்பவன் காலடியில் அறியாது ஓர் உயிர் மடிந்தால் அவன் குற்றம் சிறிது. நோக்காமல் நடப்பவன் காலடியில் எதுவும் மடியாவிடினும் அவன் குற்றவாளியே.

இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். இப்பறவை கம்பியைக் காணாது என்பதை எவரும் அறியாத நாளில் இழுத்த கம்பியும், அறிந்தபின் வில்லையின்றி இழுக்கும் கம்பியும் ஒன்றாகா. முன்னது நேர்ச்சி, பின்னது பிரமாதம். அறிவு வந்த நாளிலேயே பொறுப்பும் வந்துவிடுகிறது. பாதையை மாற்றுதல், கம்பிகளை ஒரே தடத்தில் சேர்த்தல், இயன்ற இடத்தில் மண்ணுள் பதித்தல் ஆகியவை எல்லாம் பொருட்செலவு உடையவையே. ஆயினும், செலவு மிகுதி என்பது ஒன்றைச் செய்ய இயலாது என்பதற்குச் சான்றாகாது. பெரும்பாலும் அதற்கு மனமில்லை என்பதையே அது காட்டும்.

விளக்கின் மறுமுனை

இவையெல்லாம் அரசும் நிறுவனங்களும் எண்ண வேண்டியவை. வந்தவாசியிலும் ஆரணியிலும் வாழும் நமக்கு இதில் என்ன பங்கு என்று தோன்றலாம். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடத்தின் வழியே தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் பிற கட்டமைப்போடு இணைந்தது. அன்று முதல் நாடு முழுவதும் ஒரே மின்வலை. நம் கூடத்து விளக்கும் ஜெய்சல்மேர்ப் பாலைவனத்துக் கம்பியும் அவ்வலையின் இரு முனைகளே.

ஒரு செயலில் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றிற்கும் வினைப்பயன் உண்டு என்பது நாம் அறிந்ததே. மின்சாரம் மலிவாகவே வேண்டும்; அது எப்படி வந்தாலும் கவலையில்லை என்று நினைப்பது உடன்படுதல் அன்றி வேறென்ன?

விளக்கொளியை நாடி வரும் சிற்றுயிர்கள் மடிவதை நம் முன்னோர் கண்ணெதிரே கண்டனர். இரவுணவை நீத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அன்று விளக்கின் அருகிலேயே சாவு நிகழ்ந்தது. ஆதலால் அது அவர் கண்ணிற் பட்டது. இன்று விளக்கு நம் வீட்டிலும், அதன் பொருட்டு நேரும் சாவு பல நூறு காதத்திற்கு அப்பாலும் உள்ளன. கண்ணுக்குத் தெரியாமையால் நம் உள்ளம் உறுத்துவதில்லை. தொலைவு வினையைக் குறைப்பதில்லை. நம் விழிப்பையே குறைக்கிறது.

நாம் செய்யத்தக்கவை

விளக்கை அணைத்துவிட்டு இருளில் இருங்கள் என்று கூறுவது இல்லறத்தாரின் அறமாகாது. நமக்கு உரியது அணுவிரதம், அதாவது அளவு. தேவையின்றி எரியும் விளக்கு, ஆளற்ற அறையில் சுழலும் விசிறி, திருவிழா முடிந்த பின்னும் விடியும்வரை ஒளிரும் அலங்கார விளக்குச் சரங்கள் ஆகியவை அனர்த்த தண்டம் எனப்படும் பயனற்ற ஹிம்சையின்பாற் படும். அவற்றை விலக்குவதால் இழப்பு எவர்க்கும் இல்லை.

இயன்றோர் தம் மாடியிலேயே சூரிய மின்தகடு அமைக்கலாம். அங்கே விளையும் மின்சாரம் அங்கேயே பயன்படுவதால், அந்த அளவிற்கு நெடுங்கம்பியின் தேவை குறைகிறது. இவையனைத்தினும் மேலாக, உயிர்களைக் காக்கும் பொருட்டு மின்கட்டணம் சிறிது உயர்ந்தால் முகஞ்சுளியாது ஏற்கும் மனம் வேண்டும். ஓருயிரைக் காக்கத் தன் பொருளில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்வதே பொருட்பற்றை அளவுபடுத்தும் விரதத்தின் உட்கருத்தாகும்.

வினவிய அன்பருக்கு நாம் கூறிய விடை இதுவே: "ஹிம்சை முற்றும் அற்ற மின்சாரம் என ஒன்றில்லை, ஹிம்சை குறைந்த மின்சாரம் உண்டு. நீங்கள் அமைத்தது அவ்வகையினது. ஆனால் குறைந்ததைக் கண்டு, அறவே இல்லை என்று எண்ணி உறங்கிவிட வேண்டாம்."

2024 அக்டோபரில் ஜெய்சல்மேர்க் காப்பகத்தில் செயற்கைக் கருவூட்டல் வழியே கானமயில் குஞ்சு ஒன்று முதன்முறையாகப் பிறந்தது. மனிதனின் அறிவு ஓருயிரைத் தோற்றுவிக்கவும் துணை நின்றது. அக்குஞ்சின் இனம் என்றேனும் கூண்டை விட்டுப் பறக்கும் நாளில், அதற்கு அச்சமற்ற வானம் இருக்க வேண்டும். அதற்கு நம் வீட்டு விளக்கும் துணை நிற்குமாறு விழிப்போடு வாழ்வோமாக!