பழமையின் இருப்பிடம்: இசைக்கருவியும் சைவசித்தாந்தக் காரணக் கொள்கையும்

இசைக்கருவி ஒன்றைப் பழமையானது என்று சொல்லும்போது, அந்தப் பழமை அதன் மரத்தில் உள்ளதா, வடிவத்தில் உள்ளதா, அதனை வாசிக்கும் கையில் உள்ளதா என்ற வினா, கருவி செய்வோருக்கும் வாசிப்போருக்கும் மட்டும் உரியதன்று. முன்னோரிடமிருந்து பெற்றதைப் பின்னோருக்குக் கொடுப்பதே தன் கடமை என்று கருதும் எந்தக் கலையும் எந்தச் சமயமும் இதற்கு விடை கூறியே ஆகவேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டுத் திருநெல்வேலியிலும் அதன் அயல் ஊர்களிலும் கோயில் திருவிழாக்களில் சுவாமி வீதியுலாவின் முன்னே நாதஸ்வரமும் தவிலும் முழங்க, அதே திருவிழாவின் இரவு நிகழ்ச்சியில் இசைக்குழுவினரின் பேஸ் கிற்றாரும் ஒலிக்கக் கேட்கலாம். பிறப்பாலும் பயனாலும் வேறான இக்கருவிகள் யாவும் இன்று பழைய அமைப்பு, புதிய அமைப்பு என்ற இரண்டு நிலைகளில் கிடைப்பதால், எது உண்மையான கருவி என்ற வாதம் எல்லாவற்றையும் பற்றி நடந்துவருகிறது.

பேஸ் கிற்றார் என்பது, சாதாரணக் கிற்றாரின் தாழ்ந்த நான்கு கம்பிகளுக்கும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் மின்கருவியாகும். ஆளுயரமான டபிள் பேஸ் என்னும் கருவிக்கு மாற்றாக, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் அதன் முதற் பெருவழக்கான வடிவம். கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகள் சுரத்தானத்தைத் துல்லியமாக நிறுத்தியமையால் அதற்கு அப்பெயர் அமைந்தது. அதே நிறுவனம் 1960இல் கழுத்து ஒடுங்கிய ஜாஸ் பேஸைக் கொண்டுவந்தது. நவீன வகைகளில் தாழ்ந்த ஐந்தாவது கம்பியும், ஒன்பது வோல்ற் பற்றரியால் இயங்கி ஒலியை உள்ளேயே பெருக்கித் திருத்தும் மின்சுற்றும், கழுத்து வளையாதிருக்க உள்ளே பதித்த கிராஃபைற் தண்டும் காணப்படுவதுண்டு. இவற்றுக்கு எதிர்முகமாக, பழம்பாணி வகைகள் என்பவை 1950களினதும் 1960களினதும் அளவுகளையே மீண்டும் பின்பற்றி, நான்கு கம்பிகளும், கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப் எனப்படும் காந்தச் சுருளும், மெல்லிய நைத்திரோசெலுலோசு மெருகும் கொண்டு செய்யப்படுகின்றன. ஃபெண்டர் நிறுவனமே 1982இல் தன் பழைய மாதிரிகளை மறுபதிப்பாக வெளியிடத் தொடங்கியது.

தவிலின் வரலாறும் இதற்கு ஒப்பானது. பலாமரத்தைக் குடைந்த பீப்பாயின் இருபுறத்துத் தோல்களையும் வளையத்தில் இறுக்கித் தோல்வாரால் இழுத்துக் கட்டுவது பழைய முறை. வலந்தலையை விரற்கூடு அணிந்த கையாலும் மறுதலையைக் கழியாலும் வாசிப்பது அன்றும் இன்றும் மாறாத முறை. மழைக்காற்றில் வார் தளர்ந்து சுருதி இறங்குவதைத் தவிர்க்கவும், நாதஸ்வரத்தின் சுருதிக்கு விரைந்து இணைக்கவும் உருக்கு வளையமும் திருகாணியும் பின்னர் வந்தன. இன்று மேடைகளிலும் வீதியுலாக்களிலும் பெரும்பாலும் காணப்படுவது இந்தத் தவிலே. நாதஸ்வரத்தில் மாற்றம் இன்னும் ஆழமானது. குறுகிய நீளமும் உயர்ந்த சுருதியும் உடைய திமிரியின் இடத்தில், நீண்டு தாழ்ந்து ஒலிக்கும் பாரி நாதஸ்வரத்தை நிலைநிறுத்தியவர் திருவாவடுதுறை ரி. என். இராஜரத்தினம்பிள்ளை, அதனை அவருக்குச் செய்துகொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி. அந்த ஊரின் நாதஸ்வரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. பெருமாற்றத்தின் விளைவாக வந்த கருவியே இன்று மரபின் அடையாளமாகப் போற்றப்படுகிறது என்பது கவனத்திற்குரியது.

நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்வோர் ஆச்சா மரத்தையே நாடுவர். அதிலும், இடித்த பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும், பல ஆண்டுகள் காய்ந்து இறுகிய மரத்தையே சிறந்ததாகக் கொள்வர். ஆகவே பாரி நாதஸ்வரம் பழைய மரத்தில் அமைந்த புதிய வடிவம். பழம்பாணிப் பேஸ் கிற்றாரோ புதிய மரத்தில் அமைந்த பழைய வடிவம். இரண்டையும் மரபு என்றே உலகம் அழைக்கிறது. எனின், பழமை பொருளில் இருக்கிறது என்று கொள்வோர் பின்னதையும், வடிவில் இருக்கிறது என்று கொள்வோர் முன்னதையும் விலக்கவேண்டும். அவ்வாறு விலக்க எவரும் முன்வருவதில்லை என்பதால், பழமையின் இருப்பிடத்தை இவ்விரண்டுக்கும் அப்பால் தேடவேண்டியிருக்கிறது.

அத்தேடலுக்குச் சைவசித்தாந்தத்தின் காரணக் கொள்கை தெளிவான வழியைத் தருகிறது. ஒவ்வொரு காரியத்துக்கும் மூன்று காரணங்கள் வேண்டும்: குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகத் தோற்றத்துக்கு மாயை முதலாகவும் சிவனது சத்தி துணையாகவும் சிவன் நிமித்தமாகவும் நிற்பதை விளக்க எழுந்த இப்பாகுபாட்டைக் கருவிக்குப் பொருத்தினால், மரம் முதலும், உளியும் கடைசல் பொறியும் துணையும், ஆசாரி நிமித்தமும் ஆவர். ஆனால் கருவி செய்து முடிந்ததும் அதன் நிலை மாறுகிறது. அதுவரை காரியமாயிருந்தது, இசை என்னும் வேறொரு காரியத்துக்குத் துணைக்காரணமாகிறது; அங்கே நிமித்தமாக நிற்பவர் வாசிப்பவர். பழையதா புதியதா என்ற வாதத்தின் பெரும்பகுதி, துணைக்குரிய சிறப்பை நிமித்தத்தின் இடத்தில் வைத்துப் பேசுவதாலேயே எழுகிறது. துணைக்காரணம் இன்றியமையாதது, சக்கரம் கோணினால் குடமும் கோணும். எனினும் குடம் செய்யத் தெரிந்தது சக்கரம் அன்று.

இதனை இரண்டு கலைஞர்களின் வாழ்க்கை உறுதிப்படுத்துகிறது. டெட்ரோயிற் நகரின் மோட்டவுன் ஒலிப்பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸில், தட்டையான உலோக நாடா சுற்றிய கம்பிகளை வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டியவர். அந்த விரல் டபிள் பேஸில் பயின்ற விரல். இன்று பழம்பாணிக் கருவி வாங்குவோர் நாடும் ஒலி, அக்காலத்துப் புதுக்கருவி ஒன்றில் அதனினும் பழைய கருவியின் பயிற்சி இறங்கியதால் பிறந்தது. தவில் வித்துவான் அளவெட்டி வி. தட்சணாமூர்த்தியும் (1933–1975) இவ்வாறே இணுவில், அளவெட்டி மரபின் பயிற்சியைத் தமிழகத்துப் பெரும் வித்துவான்கள் வியக்கும் அளவுக்கு உயர்த்தியவர். அவருடைய புகழுக்குக் காரணம் கேட்போர் லயத்தையும் கையையும் பற்றியே பேசுகின்றனரேயன்றி, அவர் தவிலின் தோலையும் வாரையும் பற்றிப் பேசுவதில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழக்கூடும். பொருளும் மாறி வடிவும் மாறினால், தொடர்ச்சி என்பது வெறும் பெயர்தானே, ஒவ்வொரு கணத்திலும் ஒன்று அழிய வேறொன்று தோன்றுகிறது என்பதே உண்மை அல்லவா என்று பௌத்தக் கணபங்கவாதி கேட்பார். சிவஞான சித்தியாரின் பரபக்கம், அதாவது பிறர் கொள்கைகளை எடுத்து மறுக்கும் பகுதி, இத்தகைய வாதத்தை எதிர்கொள்கிறது. சித்தாந்தத்தின் விடை சற்காரியவாதம்: காரியம் தோன்றுமுன் காரணத்தில் நுண்மையாக உள்ளது, தோற்றம் என்பது இல்லாதது உண்டாதல் அன்று, உள்ளது வெளிப்படுதல். இந்நோக்கில் பாரியின் கம்பீரம் திமிரியை வாசித்தோரின் இசை வேட்கையில் முன்னரே இருந்தது. திருகாணித் தவிலின் நிலைத்த சுருதி, வாரை இழுத்து இழுத்துச் சுருதி கூட்டிய கைகளில் முன்னரே இருந்தது. புதுமை மரபுக்குப் பகையாவது, காரணத்தில் இல்லாத ஒன்றை வெளியிலிருந்து திணிக்கும்போது மட்டுமே.

புறத்தோற்றம் பற்றிய வினா இன்னும் நுட்பமானது. பழம்பாணிக் கிற்றார்களுள் சில, 1990களின் நடுப்பகுதி முதல், மெருகு உரிந்து உலோகம் துருவேறியதுபோல வேண்டுமென்றே தேய்த்து விற்கப்படுகின்றன. இது பொய்யா, போற்றத்தக்க வேடமா? சைவம் வேடத்தை இகழும் சமயம் அன்று. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே வழிபடச் சொல்கிறது. பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனார், தம்மைக் கொல்ல வந்த முத்தநாதனின் கபடத்தை அறிந்த பின்னும், அவன் பூண்ட திருநீற்று வேடத்துக்காக அவனைக் காத்தார். ஆனால் அங்கு வணக்கம் பெற்றது வேடம் சுட்டும் பொருள். பெருமை பெற்றவர் வணங்கியவர், வேடம் பூண்டவன் அல்லன். தேய்த்த மெருகு ஒரு கலைஞனின் நெடுநாள் உழைப்பைச் சுட்டுகிறது. அதைக் கண்டு அவ்வுழைப்பில் இறங்கும் இளைஞனுக்கு அவ்வேடம் பயன் தரும். அதனைத் தன் உழைப்புக்கு ஈடாகக் கொள்பவனுக்கு அது முத்தநாதன் பூண்ட வேடமாகவே முடியும்.

கோயில் மரபிலும் இதே தெளிவு உண்டு. சிதைந்ததைப் புதுக்கும் சீரணோத்தாரணம் என்னும் ஆகமக் கிரியையில், திருமேனியில் விளங்கும் தெய்வீக ஆற்றலைக் கலாகர்ஷணத்தால் கும்பத்துக்கு ஏற்றி, பாலாலயம் என்னும் சிறு கோயிலில் வைத்து வழிபட்டு, திருப்பணி நிறைந்தபின் மீண்டும் மூலத்தில் சேர்த்துக் குடமுழுக்குச் செய்வர். கல் புதிதாயினும் தெய்வம் புதிதாவதில்லை. இடையில் ஒருநாளேனும் பூசை நிற்கலாகாது என்பதே அங்கு விதி. 1995ஆம் ஆண்டுப் போர்க்கால இடப்பெயர்வில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் ஏறக்குறைய முழுவதும் வெறுமையாகி, மக்கள் மீண்டுவந்து கோயில்களைத் திருத்தியபோது, அவர்கள் காக்க முயன்றதும் அந்த அறாத வழிபாட்டையே.

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்பது சித்தாந்தத்தின் உறுதியான முடிபு. மாணவன் எதைச் சார்கிறானோ அதுவாகவே ஆவான் என்பதால், கருவியின் தெரிவு அற்பமானதன்று. அது அவனை எதனைச் சாரச் செய்கிறது என்பதே அளவுகோல். திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலை மாணவரும், மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக்கழக வழியில் வந்தோரும், கோயில் வீதியில் தந்தைக்குப் பின்னால் நின்று தாளம் போட்டுப் பழகும் சிறுவரும் வார்த்தவிலில் கற்றாலென்ன, திருகாணித் தவிலில் கற்றாலென்ன, ஐந்து கம்பிக் கிற்றாரில் கற்றாலென்ன, ஆசிரியரின் கையைத் தம் கையில் ஏற்கும் நாள்வரை அமர்ந்து கற்பார்களாயின் மரபு அவர்களிடம் வந்து சேரும். மரத்தையும் மெருகையும் காக்கச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியையாவது அந்த ஆசிரியர்களைக் காக்கச் செலவிடுவதே, பழமையை மதிப்பதாகச் சொல்லும் சமூகம் முதலில் செய்யவேண்டிய கடமை.