உலோகத்தின் ஒளியும் கைங்கரியமும்

குமரி மாவட்டம் திருவட்டாற்றில் மேற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கும் ஆதிகேசவப் பெருமாளின் மூலத்திருமேனி, சாளக்கிராமங்களை உள்ளடக்கிப் பிசின், மூலிகை முதலியன சேர்த்துச் சாத்தப்படும் கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையால் ஆனது. நீர் பட்டால் கெடும் என்பதால் இத்தகைய மூலவருக்குத் திருமஞ்சனம் செய்வதில்லை. அந்த நீராட்டை ஏற்பவை உலோகத் திருமேனிகளே. உற்சவர், குத்துவிளக்கு, கொடிமரத்தைப் போர்த்தும் செம்பு அல்லது பித்தளைத் தகடு ஆகியவற்றைத் தேய்த்துப் பளபளக்க வைப்பதா, காலம் ஏற்றிய நிறத்தோடு விடுவதா என்பது சமயக் கேள்வியும் ஆகிறது.

இறைவன் அடியார் விரும்பிய பொருளையே திருமேனியாக ஏற்று அவர்கள் கைக்கு வசப்பட்டிருக்கும் நிலை அர்ச்சாவதாரம் எனப்படும். ஸ்ரீவசனபூஷணம் இயற்றிய பிள்ளை லோகாசாரியரின் மரபு, அத்திருமேனி எந்தப் பொருளால் ஆனது என்று ஆராய்வதையே பெருங்குற்றமாகக் கொள்கிறது. அப்படியானால் மேற்பூச்சைப் பற்றிய கவலையும் வேண்டாததுதானே என்று ஒருவர் வாதிடலாம். அது பிழை; வசப்பட்டிருப்பவனைப் பேணும் கடமை, வசப்படுத்தியவனுக்கே உரியது.

செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம், இரு பருவமழைகளும் நனைக்கும் இந்த மண்ணின் ஈரத்தில் முதலில் பழுப்பேறிப் பின்னர் பச்சை படர்கிறது. களிம்பு என்று இகழப்படும் இப்படலம் இறுகிச் சீராகப் படிந்திருந்தால் அடியிலுள்ள உலோகத்துக்குக் காப்பாகிறது. துலக்கப் பயன்படுத்தும் புளியின் அமிலமோ இப்படலத்தைக் கரைத்துப் புது உலோகத்தை வெளிக்காட்டுவதாலேயே ஒளி தருகிறது. சாம்பலும் செங்கல் பொடியும் உலோகத்தையே சிறிது சிறிதாகச் சுரண்டுவதால், தலைமுறைகள் கழியும்போது திருமுகத்தின் கண்கோடும் இதழ்வரையும் மழுங்குகின்றன. புளியோடு உப்பும் சேர்த்தால் அதன் குளோரைடு நுண்துளைகளில் தங்கி, வெளிர்பச்சைப் பொடியாக உதிரும் அரிப்பைத் தூண்டும். இதுவே காப்புப் படலத்தினின்று வேறுபடுத்தி அஞ்ச வேண்டிய பச்சை.

பொன் பூசுவது இதற்குத் தீர்வாகத் தோன்றலாம். ஆனால் இதே கோயிலில் மூலவரின் தங்கக் கவசம் சிறிது சிறிதாகத் திருடப்பட்டது 1992இல் வெளிப்பட்டபோது, குறைந்தது கவசமே தவிர, பெருமாளின் சாந்நித்தியம் அன்று; திருமேனிக்குப் பொன்னொளி இன்றியமையாததன்று.

418 ஆண்டுகளுக்குப் பின் 2022 சூலை 6 அன்று குடமுழுக்குக் கண்ட இக்கோயிலைப் போன்ற தொன்மையான தலங்களில், உலோகத் திருமேனிகளுக்கு நல்ல நீரும் மென்துணியும் ஈரமின்றித் துவட்டும் பொறுமையும் போதும். விளக்குகளுக்கும் தகடுகளுக்கும் வேண்டுமானால், உரிந்து திட்டுத் திட்டாகும் வார்னிஷைத் தவிர்த்து, மெல்லிய மெழுகுப் பூச்சு இடலாம். திருவிழாவுக்குத் திருவிழா உப்பும் புளியும் இட்டுத் தேய்க்கும் வழக்கத்தைக் கோயில் பொறுப்பாளர்கள் கைவிட வேண்டும்.