கீழ்ப்படிதல் அறமாகுமா?

ஒழுங்கு, கட்டுப்பாடு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று சொற்களையும் நாம் பெரும்பாலும் ஒரே பொருளில் வழங்கி வருகின்றோம். மணி அடித்ததும் மாணவர் வரிசையில் நிற்பதையும், படைமுகாமிலே சிப்பாய் குதிகாலை நிலத்தில் அறைந்து நிற்பதையும் ஒருசேரப் பாராட்டுகின்றோம். இப்பாராட்டு தகுமா என்ற ஐயத்தை அண்மையில் மாணவி ஒருத்தி எம்முள் எழுப்பிவிட்டாள்.

குறிகட்டுவான் துறையிலே நிகழ்ந்தது அது. புங்குடுதீவிலுள்ள இத்துறையிலிருந்துதான் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படுகின்றன. மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நயினாதீவுப் படகுக்காக நாம் காத்து நின்றோம். சோளகம் உரத்து வீசிக்கொண்டிருந்தது. துறையில் பணியிலிருந்த கடற்படைச் சிப்பாய் ஒருவன், இருபது வயதுக்குமேல் இராது, தடுமாறிய மூதாட்டி ஒருவரின் கையைப் பற்றிப் படகில் இறக்கிவிட்டு, உயிர்காப்பு அங்கியின் நாடாவையும் தானே கட்டிவிட்டான். அரைகுறைத் தமிழில், "மெல்ல அம்மா, மெல்ல" என்றான். பார்த்துக்கொண்டிருந்த மாணவி எம்மிடம் கேட்டாள்: "சேர், இந்த அண்ணா நல்லவர் மாதிரித்தான் இருக்கிறார். குமுதினியில வெட்டின ஆக்களும் இப்பிடித்தானே இருந்திருப்பினம்? பிறகு எப்பிடிச் சேர் அவையால அது ஏலுமாயிருந்தது?"

உடனே விடைகூற எம்மால் முடியவில்லை.

குமுதினியின் கதையைத் தீவகத்துப் பிள்ளைகளுக்கு எவரும் பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1985 மே 15ஆம் நாட் காலை, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கிப் புறப்பட்ட அப்படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பயணிகள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டு வெட்டப்பட்டனர். வெட்டியோர் கடற்படையினர் என்றே உயிர் தப்பியோர் சாட்சி கூறினர். குறைந்தது இருபத்துமூன்று பேர் மாண்டனர். முப்பதைக் கடக்கும் என்பது ஊரவர் கணக்கு. எவரும் தண்டிக்கப்படவில்லை.

"அவர்கள் சிங்களவர், ஆகவே வெட்டினர்" என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அதற்கு முந்திய நாள், மே 14ஆம் நாள், அநுராதபுரத்தில் என்ன நடந்தது? பேருந்து நிலையத்திலும் ஸ்ரீமகாபோதி வளவிலும் நின்ற பொதுமக்கள்மீது விடுதலைப் புலிகள் சுட்டனர். நூற்று நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். வழிபட வந்தோரும் பேருந்துக்குக் காத்து நின்றோரும் அவர்களுள் அடங்குவர். அங்கே சுட்டவர்கள் எம்மவர். தமிழ்த் தாய்மாரின் பிள்ளைகள். இனத்தைக் காரணமாகக் காட்டும் விடை இருபத்துநான்கு மணிநேரந்தானும் தாக்குப்பிடிக்கவில்லை!

இரு கொலைகளுக்கும் வெறுப்பரசியல் காரணம். தண்டனை வராது என்ற துணிவும் காரணம். இவற்றை நாம் மறக்கவில்லை. ஆயினும் மாணவியின் கேள்வி அவற்றுக்கும் அப்பாற்பட்டது. வெறுப்புடையோர் எல்லாரும் வெட்டுவதில்லை. வெறுப்புக்கும் வெட்டுக்கும் இடையே மனிதனுள் ஏதோ ஒன்று நின்று தடுக்கிறது. அத்தடையை அகற்றுவதற்கென்றே அமைந்த பள்ளி எது?

அடிப்படைப் பயிற்சி முகாமே அப்பள்ளி.

முதல்நாளிலேயே அங்கே தலைமயிர் வெட்டப்படுகிறது. ஒக்கூர் மாசாத்தியாரின் புறப்பாட்டிலே வரும் தாய், தமையனையும் கணவனையும் களத்தில் இழந்தபின்னரும், தன் ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் தடவிச் சீவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்பினாள். அவ்வீரத்தைப் போற்றிப் பரீட்சைக்கு விடை எழுதியே நாமும் பட்டம் பெற்றோம். அவன் தன் தலைமயிரோடும் தாயின் கைமணத்தோடும் களம் புகுந்தான். இன்றைய படையோ அந்தக் கைமணத்தைத்தான் முதலில் மழித்தெறிகிறது. அடுத்துப் பெயர் போகிறது, இலக்கம் வருகிறது. உறக்கம் குறைக்கப்படுகிறது. ஒருவன் செய்த பிழைக்கு அணி முழுவதும் தண்டனை பெறுகிறது. ஆகவே தோழரே ஒருவனுக்கு ஒருவன் காவலராகின்றனர். விரைவில் ஓட்டமும் பாரமும் பழகிவிடுகின்றன. உடலுக்கு நேரும் துன்பம், உண்மையிலே, இப்பயிற்சியின் எளிய பகுதி. தியத்தலாவை மலைச்சாரலில் ஓடிய சிங்கள இளைஞனும், 1980களிற் சேலம் மாவட்டத்துக் கொளத்தூரிலும் பின்னர் வன்னிக் காட்டிலும் ஓடிய தமிழ் இளைஞனும் வியர்வையை வென்றுவிட்டனர். வெல்லக் கடினமானது வேறொன்று: "ஏன்?" என்று கேட்கும் பழக்கம்.

அதைக் கொல்வதற்கே கட்டளை ஓயாது திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்கச் சிப்பாய்களுள் நால்வரில் ஒருவருக்குமேல் எதிரியை நோக்கிச் சுடவில்லை என்று மார்ஷல் என்னும் அதிகாரி 1947இல் எழுதினார். அக்கணக்கின் நம்பகத்தைப் பின்வந்த ஆய்வாளர் மறுத்துள்ளனர். எனினும் படைகள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் மெய்யானது. வட்டக் குறிக்குப் பதிலாக மனித உருவில் எழுந்து விழும் குறிகளை வைத்தனர். எண்ணுவதற்கு முன்னரே விரல் இயங்கவேண்டும் என்று பழக்கினர். மனிதன் இயல்பிலேயே கொலைகாரன் என்றால் இத்தனை உழைப்பு எதற்கு?

இத்தகைய கீழ்ப்படிதலின் இறுதிப் பொருளைக் காண விரும்புவோர் பாரிஸ் தீவின் கதையை அறிதல் வேண்டும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் கடற்படைக் காலாட்களுக்குப் பயிற்சியளிக்கும் தீவு அது. 1956 ஏப்ரல் 8ஆம் நாள் இரவு, மக்கியோன் என்னும் பயிற்றுநர் தம் அணியிலிருந்த எழுபதுக்கு மேற்பட்ட இளைஞரை, ஒழுங்கு கற்பிக்கவென்று, வற்றுப் பெருக்குள்ள ஓடையொன்றில் இறக்கினார். நீந்தத் தெரியாதோரும் அவர்களுள் இருந்தனர். எனினும் அணி இறங்கியது. அறுவர் மூழ்கி இறந்தனர். கடலோடு வாழும் எமக்கு இதன் பயங்கரம் நன்கு விளங்கும். நீரின் ஆழம் தெரியாத இடத்தில், இருளில், நீந்தத் தெரியாதவன் தானாக இறங்கமாட்டான். கட்டளை இறங்கச் செய்தது. தன் உயிரைக் காக்கும் "ஏன்" என்ற கேள்வியையே இழந்துவிட்டவனிடம், பிறர் உயிரைக் காக்கும் "ஏன்" எங்கிருந்து பிறக்கும்?

அப்படியாயின் கட்டுப்பாடே வேண்டாமா என்று தோழர் சிலர் கேட்கலாம். வேண்டும். குறிகட்டுவான் துறையே அதற்குச் சான்று. சோளகம் வீசும் நாளில் தண்டயல் "அந்தப் பக்கம் போகவேண்டாம், இருங்கோ" என்றால் பேராசிரியரும் இருக்கவேண்டியதுதான். அங்கே விவாதம் செய்வோர் எல்லாரையும் கவிழ்த்துவிடுவர். ஆனால் அக்கட்டளையின் காரணம் அலையிலே தெரிகிறது. கரை சேர்ந்தபின் "ஏன் அப்படிச் சொன்னீர்?" என்று கேட்டால் தண்டயல் காரணத்தை விளக்குவார், தாமும் அதே படகில்தான் இருந்தார். காரணம் கேட்கக்கூடிய கீழ்ப்படிதல் ஒன்று. காரணம் கேட்பதே குற்றமாகும் கீழ்ப்படிதல் பிறிதொன்று. முன்னது மனிதர் கூடி வாழ்வதற்கு இன்றியமையாதது. பின்னது மனிதனைக் கருவியாக்குவது. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதே எமது பிழை.

விடுதலைப் போருக்குப் பின்னது தேவைப்படாதா? இக்கேள்வியை இடதுசாரிகளாகிய நாமே பலமுறை தட்டிக்கழித்துள்ளோம். நோக்கம் நல்லதாயின் கேள்வியற்ற பணிவும் நல்லதாகிவிடும் என்று எண்ணினோம். வன்னியிலே பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிடித்துச் சென்று பயிற்சிக்கு நிறுத்தியபோது, எம்மிற் பலர் வாய்திறக்கவில்லை. அச்சம் ஒரு காரணம். அதை ஒளிப்பதில் பயனில்லை. ஆனால் அச்சம் மட்டுமே காரணம் என்று கூறினால் அதுவும் பொய்யாகும்.

பயிற்சி மனிதனை முற்றாக வென்றுவிடுகிறதா? இல்லை என்பதற்கு வரலாறு சாட்சி. 1930 ஏப்ரல் 23ஆம் நாள் பெஷாவரிலே, ஆயுதமற்ற மக்கள்மீது சுடுமாறு கட்டளை பிறந்தபோது, கர்வால் படைப்பிரிவைச் சேர்ந்த சந்திரசிங்கும் அவர் தோழரும் சுட மறுத்தனர். அவர்கள் இந்து மலையகத்தார். எதிரே நின்றோர் முஸ்லிம் பட்டாணியர். இனமும் மதமும் வேறு. வாங்கிய சம்பளம் வெள்ளையனுடையது. எனினும் மறுத்தனர். சந்திரசிங்குக்கு ஆயுட்சிறை கிடைத்தது. அன்று அவர்கள் தம் பயிற்சியை மறந்துவிடவில்லை. பயிற்சிக்கு அடியிலே "ஏன்" என்ற கேள்வி உயிரோடிருந்தது, அவ்வளவே. மேலதிகாரியின் கட்டளை என்பது மட்டும் ஒருவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது என்று நியூரம்பேர்க் கோட்பாடுகள் 1950இல் வகுத்ததை, அக்கர்வால் சிப்பாய்கள் இருபதாண்டுக்கு முன்னரே வாழ்ந்து காட்டினர்.

ஆனால் மறுப்போரை மட்டும் போற்றிவிட்டு, மறுக்க இயலாதோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது. முகாமின் வாயிலுக்கு இளைஞரை அனுப்புவது யார்? எமது நாட்டிற் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் நடைமுறையில் இல்லை. வறுமை அந்த வேலையைச் செய்கிறது. தெற்கின் வரண்ட கிராமத்து ஏழை விவசாயியின் மகனுக்கு மாதச் சம்பளம் தரும் கதவு அதுவே. 2012 நவம்பரில் வடக்கிலே நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இராணுவத்திற் சேர்க்கப்பட்டனர். போர் முடிந்து மூன்றாண்டே கழிந்திருந்தது. அடுத்த மாதமே அவர்களுட் சிலர் பயிற்சியிலிருந்து கிளிநொச்சி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அதற்குரிய காரணம் பற்றிப் பலவாறு பேசப்பட்டது. எமக்கு வேண்டியது ஒன்றே: தம் ஊரைத் தோற்கடித்த படையின் சீருடையைப் பசிக்காக அணிய நேர்ந்த பெண்ணுக்கு அப்பயிற்சி எத்தகைய சோதனையாக இருந்திருக்கும்! சீருடையைவிட்டு ஓடியோர் தெற்கிலும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். 2024 ஏப்ரலிலும் அவர்களுக்கெனப் பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்க நேர்ந்தது. ஓடியவர் எல்லாரும் கோழைகள் என்று கூற எமக்குத் துணிவில்லை.

இனி எம்மை நாமே பார்த்துக்கொள்வோம். பதினெட்டு வயதில் முகாமுக்குப் போகும் பிள்ளை, அதற்கு முன் பதின்மூன்று ஆண்டுகள் எம்மிடமே இருக்கிறது. "ஏன் சேர்?" என்று கேட்டவனை "வாய்காட்டாதே" என்று அடக்கியது யார்? ஒருவன் செய்த குழப்பத்துக்கு வகுப்பு முழுவதையும் வெயிலில் நிறுத்தியது யார்? நாமும் நிறுத்தியிருக்கிறோம். கூட்டுத் தண்டனையைப் படைப் பயிற்றுநர் கண்டுபிடிக்கவில்லை. எமது வகுப்பறையிலிருந்து அவர் அதைத் தயாராகவே பெற்றுக்கொள்கிறார். முகாமைக் கண்டித்துக் கட்டுரை எழுதும் கை பிரம்பைத் தூக்குமாயின் அக்கட்டுரையால் யாருக்கு என்ன பயன்?

படகு நயினாதீவை அணுகியபோது மாணவியிடம் நாம் கூறினோம்: "வெட்டினவர்களும் இந்த அண்ணாவைப் போலத்தான் இருந்திருப்பார்கள். ஏன் என்று கேட்க அவர்களை ஒருவரும் விடவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அதனால் அவர்கள் குற்றம் குறைந்துவிடாது."

அவள் சற்றுநேரம் மௌனமாயிருந்தாள். பின்பு, "அப்ப நாங்கள் வகுப்பில கேட்டா ஏசமாட்டீங்களோ, சேர்?" என்றாள்.

ஏசமாட்டோம் என்று வாக்களித்தோம். அவ்வாக்கைக் காப்பது எளிதன்று என்பதை அடுத்த திங்கட்கிழமையே முதலாம் பாடவேளையில் உணர்ந்தோம். ஆயினும் அதைக் காத்தே ஆகவேண்டும். அந்தச் சிப்பாயின் கையில் என்றோ ஒருநாள் கொடிய கட்டளையொன்று வந்து விழக்கூடும். அன்று அவனுள்ளே "ஏன்?" என்று ஒரு குரல் எழுமானால், அதை எங்கோ ஒரு சிங்களக் கிராமத்து ஆசிரியர் அணையாமற் காத்திருக்க வேண்டும். அவர் தம் வகுப்பில் அதைச் செய்வார் என்று நாம் நம்ப விரும்பினால், எமது வகுப்பில் நாம் அதைச் செய்தல் வேண்டும்.