திரையில் கொல்லாமை

கொலையை நம்பியே வடிவமைக்கப்பட்ட வீடியோ கேமை, அதில் ஒருவரையும் கொல்லாமல் ஆடி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆடுபவர்கள் இதை 'பேசிஃபிஸ்ட் ரன்' என்கிறார்கள். 2000-இல் வெளிவந்த டியஸ் எக்ஸ், காவலாளிகளைச் சுடாமல் காற்றுக்குழாய்க்குள் ஊர்ந்தும், பூட்டைத் திறந்தும், பேசிச் சமாளித்தும் கடந்துபோக நிறையவே இடம் கொடுத்தது. அதே வரிசையில் 2011-இல் வந்த ஹியூமன் ரெவல்யூஷன், கொல்லாமல் முடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு விருதே வைத்திருந்தது. 2015-இல் டோபி ஃபாக்ஸ் உருவாக்கிய அண்டர்டேலில், எதிர்ப்படும் எந்தப் பூதத்தையும் கொல்லாமலே கடைசிவரை போய்விட முடியும். சிலர் இதைச் சவாலுக்காகச் செய்கிறார்கள், சிலர் மனம் ஒப்பாததால் செய்கிறார்கள். இதை வெறும் திறமை விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாமா, அல்லது அறம் பற்றிய கேள்வி ஏதாவது இதற்குள் இருக்கிறதா? இருக்கிறது என்றே தோன்றுகிறது. ஆனால் நாம் வழக்கமாக அதைத் தேடும் இடத்தில் அது இல்லை.

வழக்கமாகத் தேடும் இடம் பாவபுண்ணியக் கணக்கு. அந்தக் கணக்கில் இந்த விவகாரம் ஒரு நொடியில் முடிந்துவிடும். தேரவாத பௌத்த உரையாசிரியர்கள் ஒரு செயலைக் கொலை என்று சொல்ல ஐந்து கூறுகள் வேண்டும் என்கிறார்கள்: உயிருள்ள ஒன்று இருக்க வேண்டும், அது உயிருள்ளது என்று கொல்பவர் அறிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், அதற்கான முயற்சி வேண்டும், அந்த முயற்சியால் உயிர் போக வேண்டும். திரையில் விழும் படைவீரனிடம் முதல் கூறே இல்லை. ஆகவே சுட்டவருக்குப் பாவமில்லை. ஆனால் அதே தீர்ப்பு மறுபக்கமும் வெட்டும். அங்கே காப்பாற்றப்பட உயிர் எதுவும் இல்லாதபோது, சுடாமல் விட்டவருக்குப் புண்ணியம் எங்கிருந்து வரும்? இல்லாத ஒருவர்மேல் காட்டும் கருணை, இல்லாத ஒருவருக்குக் கொடுக்கும் தானத்தைப் போலத்தான்.

இவ்வளவு எளிதாக முடித்துவிட விடாத கதை ஒன்று தமிழிலேயே இருக்கிறது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான யசோதர காவியத்தில், உஞ்சயினி மன்னன் யசோதரன் கண்ட தீய கனவுக்குப் பரிகாரமாகத் தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்கச் சொல்கிறாள் அவன் தாய். சமண நெறியின் சாயல் உள்ள அரசன் மறுக்கிறான். அப்படியானால் மாவினால் கோழி செய்து அதையாவது வெட்டு என்கிறாள். அதற்கு இணங்குகிறான். மாக்கோழிதான், இரத்தமில்லை, வலியில்லை. ஆனாலும் அந்த ஒரு வெட்டுக்காகத் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் மீனாகவும் ஆடாகவும் கோழியாகவும் பிறந்து பிறந்து வதைபடுகிறார்கள். உடலளவில் நடக்கும் கொலையை திரவிய ஹிம்சை என்றும், உள்ளத்தளவில் நடப்பதை பாவ ஹிம்சை என்றும் சமணம் பிரிக்கிறது. இரண்டாவது நிகழ்ந்தாலே வினை ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு இந்தக் காவியத்தைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு கிடைக்காது. இதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஒரே மாலையில் இருநூறு பேரைத் திரையில் சாய்க்கும் கல்லூரி மாணவனின் கதி என்ன?

மகாபாரதம் இதற்கு எதிர்ப்பக்கமாக வேறொரு பொம்மையைக் காட்டுகிறது. போர் முடிந்து, நூறு பிள்ளைகளையும் இழந்த திருதராட்டிரன் பீமனைத் தழுவ அழைக்கும்போது, கண்ணன் பீமனை விலக்கிவிட்டு இரும்புச் சிலையை முன்னே தள்ளுகிறான். கிழவன் அதை நெஞ்சோடு சேர்த்து நொறுக்குகிறான். கோபம் வடிந்ததும் பீமனைக் கொன்றுவிட்டோமே என்று அழுகிறான். அங்கே பொம்மை ஓர் உயிரைக் காப்பாற்றியது. ஆயுத பூஜையன்று குங்குமம் தடவிய பூசணிக்காயைத் தெருவில் உடைக்கும் வழக்கத்திலும் பலிக்குப் பதிலாக ஒரு பொருளைக் கொடுக்கும் இதே ஏற்பாட்டைத்தான் காண்கிறோம். வன்முறையை யாருக்கும் வலிக்காத ஒன்றின்மேல் இறக்கிவிடலாம் என்பவர்கள் இந்தப் பக்கம் நிற்பார்கள்.

இரண்டு கதைகளும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும், உற்றுப் பார்த்தால் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றன. இரும்புச் சிலை காப்பாற்றியது பீமனை, திருதராட்டிரனை அல்ல. தன் கையில் இருப்பது பீமன்தான் என்று நம்பியே அவன் நொறுக்கினான். பொம்மையில் கோபத்தைக் கொட்டினால் கோபம் தீரும் என்ற நம்பிக்கையை உளவியலும் ஆதரிக்கவில்லை. தம்மைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடவே செய்தது என்று பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. யசோதரனும் மாவுக்குள் கொலையின் பயன் முழுவதையும் எதிர்பார்த்தான். தேவி ஏற்றுக்கொள்ள வேண்டும், கனவின் தீங்கு விலக வேண்டும் என்று உண்மைப் பலியிடமிருந்து வேண்டியதையே இந்தக் கோழியிடமும் வேண்டினான். உடல் மட்டும் மாறியது, எண்ணம் மாறவில்லை. வீடியோ கேம் ஆடுபவர் பெரும்பாலும் இந்த இருவரைப் போன்றவர் அல்லர். எதிரில் இருப்பது உயிரில்லை என்பது அவருக்குத் தெரியும். அதைக் கொல்வதால் உயிர்க்கொலையின் பயன் எதையும் அவர் நாடுவதுமில்லை. சதுரங்கத்தில் குதிரையை வெட்டுபவரைப் போல ஒரு தடையைத் தாண்டப் பார்க்கிறார். சுமார் 1000 பிரிட்டிஷ் பதின்வயதினரை வைத்து 2019-இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு, வன்முறை கேம்களுக்கும் மூர்க்க நடத்தைக்கும் தொடர்பு காணவில்லை. இளைஞர்கள் செய்யும் கொடிய வன்முறைக்கு இந்த கேம்களைக் காரணம் காட்டப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமும் 2020-இல் சொன்னது. ஆகவே சுடுபவரைப் பாவி என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அப்படியானால் சுடாமல் விடுவதில் என்ன இருக்கிறது? இங்கேதான் சமணத்தின் இன்னொரு பகுப்பு உதவுகிறது. இல்லறத்தாருக்கு நேரக்கூடிய ஹிம்சையை அது நான்காகப் பிரிக்கிறது: வேண்டுமென்றே செய்யும் சங்கல்ப ஹிம்சை, சமையல் போன்ற அன்றாட வேலைகளில் நேரும் ஆரம்ப ஹிம்சை, உழவு முதலிய தொழிலில் நேரும் உத்யோக ஹிம்சை, தாக்க வந்தவரைத் தடுக்கும்போது நேரும் விரோத ஹிம்சை. இல்லறத்தார் முழுமையாகக் கைவிட வேண்டியது முதலாவதை; நான்காவதற்கு விலக்கு உண்டு. இப்போது சுடும் கேம்களின் உலகத்தைப் பாருங்கள். எதிரிக்கு உங்களைக் கண்டதும் சுடுவதைத் தவிர வேறு வேலையில்லை. அவனிடம் பேச பட்டன் இல்லை. அவன் சரணடைய மாட்டான். அவனுக்குப் பசியோ பயமோ வீடோ கிடையாது. கதவைத் திறக்கும் சாவி அவன் பிணத்தில்தான் கிடைக்கும். எல்லாக் கொலையும் விரோத ஹிம்சையாகவே அமையும்படி ஒரு உலகமே கட்டப்பட்டிருக்கிறது. கேம் நம்மைக் கொலைகாரர்களாக ஆக்குவதில்லை. ஒரு கையும் சங்கல்பத்தால் அழுக்காகாத, என்றும் நியாயமான தற்காப்பாளராக நம்மை ஆக்குகிறது. 'வேறு வழியில்லை' என்பது அங்கே முடிவு அல்ல, ஆட்டம் தொடங்குமுன்பே யாரோ எழுதிவைத்த விதி.

கொல்லாமல் ஆடுபவர் செய்வது அந்த விதியைத் தட்டிப் பார்ப்பது. அண்டர்டேலின் சிறப்பு அது மென்மையான ஆட்டம் என்பதில் இல்லை. விலையை மறைக்காத ஆட்டம் என்பதில் இருக்கிறது. கொன்றால் லெவல் ஏறும், உடல் வலுக்கும். கொல்லாதவர் தொடக்கத்தில் இருந்த 20 உயிர்ப்புள்ளிகளோடுதான் கடைசிச் சண்டை வரை போக வேண்டும். ஒவ்வொரு எதிரியையும் கவனிக்க வேண்டும்: இது எதற்கு அஞ்சுகிறது, எதைக் கேட்டால் இளகும் என்று. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை விளக்கும்போது உயிர் பிரிவதை மட்டும் சொல்லாமல், அதற்குக் காரணமான விழிப்பின்மையை முன்வைக்கிறது. அந்த அளவில் எதிரியைக் கூர்ந்து பார்க்க வைக்கும் எந்த ஆட்டமும் அஹிம்சையின் வாசற்படியையாவது தொடுகிறது. வினாவை எழுப்பாத ஆட்டங்களில்கூடச் சிலர் வினாவை எழுப்பினார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் சண்டையே இல்லாமல், தொடக்கத் தீவிலேயே தங்கி மூலிகை பறித்தும் தாது வெட்டியும் அன்றைய உச்சமான 90-ஆம் லெவலை ஒரு ஆட்டக்காரர் எட்டினார். ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் திறந்துவைத்த பாதையல்ல அது. ஹியூமன் ரெவல்யூஷனோ, கொல்லாமைக்கு விருது வைத்துவிட்டு, சில தலைமை எதிரிகளை மட்டும் கொன்றே தீர வேண்டும் என்று கதவை மூடியது. அந்தக் கொலைகளைக் கணக்கில் சேர்க்காமல் விருதையும் கொடுத்தது. கட்டாயக் கொலையைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும் வசதி அரசுகளுக்கு மட்டும் உரியதல்ல போலும்.

இந்த இடத்தில் வலுவான ஒரு மறுப்பு எழுகிறது. கொல்லாமை என்பது பிணம் எண்ணும் வேலையாகச் சுருங்கிவிட்டால்? 2012-இல் வந்த டிஸ்ஆனர்ட் ஆட்டத்தில், ஒழிக்க வேண்டிய ஒவ்வொருவரையும் கொல்லாமல் அகற்ற ஒரு மாற்றுவழி உண்டு. சுரங்க முதலாளிகளான இரட்டைச் சகோதரர்களின் நாக்கை அறுத்து, மொட்டையடித்து, அவர்களுடைய சுரங்கத்திலேயே அடிமைகளாக அனுப்பிவிடலாம். ஒரு சீமாட்டியை மயக்கி, அவள்மேல் வெறிகொண்டு அலையும் ஒருவனிடம் ஒப்படைத்துவிடலாம். இவ்வளவும் செய்தபின், கை சுத்தமானவர் என்ற விருது உங்களுக்குக் கிடைக்கும். 2009-இல் வந்த மாடர்ன் வார்ஃபேர் 2-இன் விமான நிலையக் காட்சியில், ஒற்றனாக நுழைந்திருக்கும் நீங்கள் மக்கள்மேல் ஒரு குண்டும் சுடாமல் கொலைகாரர்களோடு நடந்துபோகலாம். படுகொலை நடந்தபடியே இருக்கும். இந்த மறுப்பை முழுதாக ஏற்கிறேன். மாக்கோழிக் கதை சொன்னதும் இதைத்தான்: செயலின் வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் எண்ணம் மாறிவிடாது. இரத்தமில்லாத கோழி யசோதரனைக் காப்பாற்றவில்லை என்றால், பிணமில்லாத கொடுமையும் ஆடுபவரைக் காப்பாற்றாது. அரசன் தவறியது இன்னும் முன்னதாகவே என்றும் தோன்றுகிறது. உயிர்க்கோழியா மாக்கோழியா என்று தாய் இரண்டு வழிகளை நீட்டினாள். கனவுக்குப் பலி ஏன் வேண்டும் என்ற மூன்றாவது கேள்வியை அவன் கேட்கவே இல்லை. டிஸ்ஆனர்ட் நீட்டும் மாற்றுவழிகளும் அத்தகைய இரண்டாவது வழிகள்தான்.

அடுத்த மறுப்பு என் தரப்பையே எனக்கெதிராகத் திருப்பும். சுடுவது ஒருவரைக் கொலைகாரராக ஆக்காது என்றால், சுடாமலிருப்பது மட்டும் எப்படி ஒருவரைச் சான்றோராக்கும்? ஆக்காது. தோற்றால் பழைய சேமிப்பிலிருந்து மீண்டும் தொடங்கும் வசதி இருக்கும்வரை இதை விரதம் என்று சொல்வதும் மிகைதான். ஆனால் நடத்தை வேறு, தெரிந்துகொள்வது வேறு. மணலில் கோணலாகக் கீறிய முக்கோணத்தை வைத்தும் வடிவியல் கற்கலாம். முக்கோணம் அழிந்தபின் கற்றது நிற்கும். தவிர்க்கவே முடியாதது போலத் தோன்றிய ஒரு கொலை, தவிர்க்க முடியாததாக யாரோ ஒருவரால் அமைக்கப்பட்டது என்பதை ஒருமுறை கண்டவர், அதைக் காணாதவராக மீண்டும் ஆக முடியாது. உண்மை உலகில் காற்றுக்குழாய்களை யாரும் நமக்காக அமைத்துவைப்பதில்லை, அங்கே சில சமயம் வேறு வழி நிஜமாகவே இருக்காது என்பார்கள். சரிதான். விரோத ஹிம்சைக்கு விலக்கு இருப்பதே அதற்காகத்தான். ஆனால் அந்த விலக்கைக் கோருபவர், மற்ற வழிகளை நடந்து பார்த்ததற்குச் சான்று காட்டக் கடமைப்பட்டவர்.

அந்தக் கடமை எவ்வளவு எளிதாகத் தட்டிக்கழிக்கப்படுகிறது என்பதற்கு 2003 மார்ச் போதும். ஈராக்கில் ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், மீதிப் பணிக்கு ஆண்டுகள் வேண்டாம், வாரங்களும் போதாது, சில மாதங்கள் வேண்டும் என்று மார்ச் 7 அன்று பாதுகாப்புச் சபையில் சொன்னார். இரண்டு வாரத்துக்குள் படையெடுப்பு தொடங்கிவிட்டது. தேடிய பேரழிவு ஆயுதங்கள் பிறகு கிடைக்கவில்லை. வேறு வழியில்லை என்று உலகுக்குச் சொல்லப்பட்ட நாட்களில் வேறு வழியில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஆகவே சமயப் பற்றுள்ள பெற்றோரோ ஆசிரியரோ பிள்ளையின் திரையைப் பார்த்துக் கேட்க வேண்டியது, எத்தனை பேரைக் கொன்றாய் என்பதல்ல. இவனைக் கொன்றுதான் ஆக வேண்டும் என்று இந்த ஆட்டம் உன்னை எப்படி நம்ப வைத்தது என்று கேட்கலாம். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, சுட்டு ஆடினாலும் சுடாமல் ஆடினாலும், அறத்தில் ஒரு பாடம் முடித்திருக்கிறது.