பட்ட மரத்தின் குடிகள்

விராலிமலை என்றதும் நம் நினைவில் தோகை விரிப்பது மயிலே. திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்வோர் அங்கே வண்டியை நிறுத்திப் பிள்ளைகளுக்கு மயில் காட்டுவதுண்டு. 1963இல் தேசியப் பறவையாகி, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் இடம் பெற்றுவிட்ட பறவை அது. மரங்கொத்தியைக் காட்ட வண்டி நிறுத்தியவரை நாம் கண்டதில்லை. (ஹுத்ஹுத் எனும் கொண்டலாத்தியையே மரங்கொத்தி என்று மயங்குவோர் நம்மில் பலர்!)

2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, மயில் பெருகியதையும் மஞ்சள் நெற்றி மரங்கொத்தி குறைந்ததையும் ஒருசேரச் சொல்லிற்று. மரங்கொத்திக்கு வேண்டியது பட்ட மரம். அது குடைந்து, குஞ்சு பொரித்து, விட்டுச்சென்ற பொந்தில் கிளியும் மைனாவும் குடியேறும். நமக்கோ பட்ட மரம் விறகு. அடுப்பெரிய வேண்டியவரைக் குறை கூறோம். ஆயினும், மண் நம் பெயரில் இருப்பதால் மரமும் அதில் வாழும் உயிரும் நம் உடைமையாகிவிடுமா? அன்றி அவை நம்மிடம் விடப்பட்ட அமானிதமா?

அமெரிக்காவின் லூசியானாவில் இக்கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. நம் வீட்டுப் பெண்கள் மிதித்த தையல் இயந்திரத்தின் சிங்கர் நிறுவனத்துக்கு அங்கே ஒரு பெருங்காடு இருந்தது. தந்த அலகு மரங்கொத்தியின் கடைசிப் புகலிடங்களில் அது ஒன்று. மரம் வெட்டும் உரிமை வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நான்கு மாநில ஆளுநர்கள் வேண்டியும் கோடரி நிற்கவில்லை. சட்டப்படி அதில் பிழையில்லை. 1944இல் டான் எக்கல்பெரி என்ற ஓவியர் அங்கே எஞ்சியிருந்த ஒற்றைப் பெண்பறவையை வரைந்தார். அனைவரும் ஐயமின்றி ஏற்கும் கடைசிக் காட்சி அதுவே.

அதே நாட்டில் 1989இல் ஹியூகோ புயல் தெற்குக் கரோலினாவின் பைன் காட்டை முறித்தபோது, சிவப்புக் கொண்டை மரங்கொத்திக்காக எஞ்சிய மரங்களில் செயற்கைப் பொந்துகள் பொருத்தினார்கள். 2024இல் அப்பறவை, அழிவின் விளிம்பில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்து ஒரு படி மீண்டது.

நம் ஊர் மையவாடியிலும் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேம்பு பட்டது. அதை ஏலம் விட ஜமாஅத்தில் பேச்சு வந்தது. பணம் ஓர் ஏழைக் குமரின் திருமணத்துக்கு என்றார்கள். மரத்தில் பொந்து இருப்பதை நாம் அறிந்திருந்தும், அச்சபையில் நமக்கு நா எழவில்லை. குமரா, குருவியா என்று கேட்டால் என்ன சொல்வது? மரம் போயிற்று. திருமணமும் நன்றாகவே நடந்தது.

இப்போது அங்கே ஒரு புளியமரம் பட்டு நிற்கிறது. அடுத்த கூட்டத்தில் அதன் விலையை நாமே முதலில் எடுத்துவைத்துவிட்டு, பிறகு வாய் திறப்பதாக இருக்கிறோம்.