விலை அறியாதவரிடம் வாங்கலாமா?

கைப்பின்னல் சந்தையில் முதன்முதலாகக் கடை விரிக்கும் பெண், தொழுகைத் தொப்பி ஒன்றுக்கு நூல் 5 வெள்ளி, லாபம் 3 வெள்ளி என்று 8 வெள்ளி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னிய நேரத்துக்குக் கூலி சேர்க்கவில்லை. நம்மில் ஒருவர் விடிந்ததும் போய் அத்தனையும் அள்ளிவந்து 25 வெள்ளிக்கு விற்கலாம். இருவரும் சம்மதித்த வியாபாரந்தானே என்பார்.

சரக்கோடு வருவோரைச் சந்தைக்கு வருமுன் வழியிலேயே மறித்து வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இவர் சந்தைக்குள்தான் இருக்கிறார். அந்தச் சட்டம் நேராகப் பொருந்தாது. ஆயினும் அங்கே விற்பவருக்குச் சந்தை விலை தெரியாது, இவருக்கும் தெரியவில்லையே!

பேரம் பேச நாம் கூசுவதில்லை. அது நம் பிழைப்பு. மொத்தக் கடைக்காரரிடம் ஒரு காசுக்கும் மல்லுக்கட்டுவோம், அவருக்குக் கணக்குத் தெரியும். இவரிடமோ, “உங்கள் கூலியைச் சேர்த்தீர்களா, தங்கச்சி?” என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசவேண்டும். அவர் 15 வெள்ளி சொன்னாலும் நமக்கு 10 வெள்ளி நிற்கிறது.